ஆறாம் கூடு

1

குடியிருப்பாளர் கையேடு, பிரிவு ஒன்பது, உட்பிரிவு நான்கு: "பாதுகாப்புக் காரணங்களுக்காக ஒரு குடியிருப்பாளரின் இணைய அனுமதி இடைநிறுத்தப்படுமிடத்து, அதற்கான காரணம் இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் அவருக்கு அறிவிக்கப்படும். அவ்விடைநிறுத்தம் அவர் கட்டடத்தினுள் நுழையும் உரிமையை எவ்விதத்திலும் பாதிக்காது."

நல்ல வசனம். முப்பத்தொரு வருடம் அரச அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் தெளிவாக நானும் எழுதியிருக்க மாட்டேன். ஓகஸ்ட் பதினோராம் திகதி பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, கைப்பேசியை வாசற்கதவுப் பெட்டியின் மேல் வைத்தபோது, பச்சைக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. கைப்பேசியைத் துடைத்து வைத்தேன். பிஸ்மி சொல்லி வைத்தேன். சிவப்புத்தான்.

அந்த நேரம் ஒரு பெண்மணி தன் கைப்பேசியால் கதவைத் திறந்தார். நான் பின்னால் நுழையப் பார்த்தேன். அவர் மிகவும் மரியாதையாகச் சிரித்து, மன்னிப்பும் கேட்டு, என் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தினார். "உங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு நுழைபவரை உள்ளே விடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும்" என்று நானே வருடத்துக்கு இரண்டு தடவை பாடம் நடத்தியவன். அந்தப் பெண்மணிக்கு நூற்றுக்கு நூறு போட்டேன். மகள் வேலை முடிந்து வரும்வரை பாலும் நானும் வெளியில் நின்றோம். பால் திரைந்துவிட்டது.

2

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சாய்ந்தமருதுக்காரன். அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரச அலுவலகத்தில் வலையமைப்புப் பொறுப்பாளராக ஓய்வுபெற்றவன். தொலைபேசிக் கம்பியில் தொடங்கி, கணினிகளை இணைக்கும் கம்பிக்கு வந்து, கடைசியில் கம்பியே இல்லாத காலத்தில் வெளியேறியவன். ஓய்வுபெற்ற பிறகு கல்முனைச் சந்தையில் பாதிக் கடைக்காரர்களுக்கு இலவச ஆலோசகன். ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்று, விருந்தாளிக்குத் தனி வலையமைப்புக் கொடு, கல்லாப்பெட்டிக் கணினியையும் வாடிக்கையாளரின் கைப்பேசியையும் ஒரே வலையில் விடாதே. எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். ஒருவரும் செய்யவில்லை. ஒரு பலசரக்குக் கடையில் கடவுச்சொல்லைச் சுவரில் பெயின்டால் எழுதியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "ஆக்கள் கேட்டுக் கேட்டு வாய் நோகுது சேர்" என்றார் முதலாளி.

என் வீட்டிலும் அதே கதைதான். என் வீடு என்பது பேச்சுக்கு. எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. ஆண் கல்யாணத்தன்று ஒரு உடுப்புப் பெட்டியோடு மனைவியின் வீட்டுக்குப் போகிறவன். நாற்பத்திரண்டு வருடம் ஸுலைஹாவின் வீட்டில் இருந்தேன். அந்த வீட்டின் கடவுச்சொல்லை மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவது என் வழக்கம். மாற்றிய அன்று பின்னேரமே ஸுலைஹா வேலியடியில் நின்று பக்கத்து வீட்டாருக்கு ஒப்புவிப்பாள்: "புதிசா மாத்திட்டாருகா, எழுதிக்க. முன்னுக்குப் பெரிய எழுத்து."

"ஏன்கா குடுத்த?" என்று ஏசினால், "குடுத்தாக் குறையிற சாமானா அது?" என்பாள். வலையமைப்புத் துறையில் இந்தக் கேள்விக்கு நீண்ட விடை உண்டு. அதை அவளுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பாவம், புள்ளைகள் படிக்கிதுகள்" என்பாள்.

இளைய மகளுக்கு அந்த வீட்டைக் கொடுத்தோம். மூத்தவள் ஷிபானா டொரன்டோவின் கிழக்கு விளிம்பில் பதினாறாம் மாடியில் இருக்கிறாள். நான்கு வருடமாக நாங்கள் அவளோடு. இந்த வருடம் ஜூலையில் இளையவளின் பிரசவத்துக்கென்று ஸுலைஹா ஊருக்குப் போனாள். நான் இங்கே மிஞ்சினேன்.

3

இந்தக் கட்டடத்தில் வைஃபை வாடகையோடு சேர்ந்தது. ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் சொந்தப் பெயரும் கடவுச்சொல்லும். அதே பெயரால் வாசற்கதவு திறக்கும், மின்தூக்கி மேலேறும், சலவை இயந்திரம் சுழலும். இதை வசதி என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரு மனிதனின் அடையாளம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அவனுடைய அனுமதிகள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. சமையலறைக் குழாய் ஒழுகினால் வீட்டுக்காரனைத் தெருவில் விடுவதில்லை.

ஸுலைஹா போன மறுவாரம், கீழ்த்தளச் சலவை அறையில் நின்று அவளோடு கதைத்துக்கொண்டிருந்தேன். "ஓம் ஓம், சாப்பிட்டன். ஓம், கறி கிடக்கு." பக்கத்து இயந்திரத்தில் வெள்ளை உடுப்புகளைத் திணித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். நான் பேசி முடிக்கும்வரை காத்து நின்றார்.

"காக்கா, கல்முனைப் பக்கமா?" வயதில் மூத்த முஸ்லிமை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"சாய்ந்தமருது. எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

"அந்த ரெண்டாவது ஓம் இருக்கே, அது வேற எங்கயும் இல்ல. நான் பாண்டிருப்பு."

"அடப்பாவி! கல்முனைச் சந்தையால நடந்து வந்தா உன்ட ஊடு."

"ஓம் காக்கா. அங்க முப்பது வருசமாச் சந்திக்கல்ல. இஞ்ச உடுப்புத் தோய்க்கிற இடத்தில சந்திக்கோணும் என்டு எழுத்து."

பெயர் யோகராசா. ரொட்டி சுடும் வெதுப்பகம் ஒன்றில் இரவு வேலை. இரண்டாம் மாடியில் ஒருவர் குத்தகைக்கு எடுத்த வீட்டில் ஓர் அறையில் மூன்று பேரோடு இருந்தார். குத்தகைப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. ஆகையால் வைஃபை இல்லை. அகதி விண்ணப்ப விசாரணை செப்டெம்பரில். அதைக் காணொளியில்தான் நடத்துகிறார்கள். அதற்கு முன் வழக்கறிஞரோடு பல தடவை கதைக்க வேண்டும். கைப்பேசித் தரவு பாதியில் தீர்ந்துவிடுகிறது. நூலகத்தின் அறை முக்கால் மணி நேரத்துக்குத்தான். மனைவியும் பெண்பிள்ளையும் பாண்டிருப்பில், இந்த விசாரணையின் முடிவைப் பார்த்துக்கொண்டு.

"காக்கா, உங்கட வைஃபை நம்பர் கொஞ்சம் தருவீங்களா?"

தீப்பெட்டி கேட்பது போலக் கேட்டார். நான் சவர்க்காரத்தூள் வாங்கிய பற்றுச்சீட்டின் பின்பக்கம் என் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுத்தேன். முன்னுக்குப் பெரிய எழுத்து என்றும் சொன்னேன். கடவுச்சொல்லை எவருக்கும் கொடுக்கக் கூடாது என்று அலுவலகத்தில் சுற்றுநிருபம் எழுதிய அதே கை.

4

எங்கள் கரையில் ஒரு கடவுச்சொல் ஒரு ஆளிடம் நிற்பதில்லை. யோகராசாவின் அறையில் இருந்த மூவரும் அதைக் கேட்டார்கள். அவர் இல்லை என்று சொல்லக் கூடியவர் அல்ல, அவரும் பாண்டிருப்புக்காரர். மூன்று வாரத்தில் என் பெயரில் ஏழு கருவிகள் ஓடின. ஓகஸ்ட் பதினொன்றில் இயந்திரம் விழித்துக்கொண்டது. அது செய்ததில் பாதி சரி. ஏழு இடத்தில் ஒரே ஆள் என்றால் சந்தேகப்பட வேண்டும், நானும் நிறுத்தியிருப்பேன். ஆனால் கருவிகளை நிறுத்தியிருப்பேன், கிழவனை அல்ல.

இரண்டு வேலை நாட்கள் போயின. பத்தும் போயின. எழுத்தில் எதுவும் வரவில்லை. முறைப்பாடு செய்ய இணைய வாசல் ஒன்று உண்டு. அதற்குள் நுழைய என் கணக்குத் தேவை. என் கணக்கைத் திறக்க முறைப்பாடு தேவை. தொலைபேசியில் அழைத்தால் இயந்திரக் குரல் என்னைப் பேசச் சொன்னது. என் ஆங்கிலம் அம்பாறை அலுவலக ஆங்கிலம். அதற்குப் புரியவில்லை. மூன்றாம் தடவை மன்னிப்புக் கேட்டு, அதுவே வைத்துவிட்டது.

என் பேத்தி அமானிக்குப் பதினைந்து வயது. ஆங்கிலத்தில் விளக்கினாள்: "மூத்தப்பா, கட்டடத்தைப் பொறுத்தவரை இப்போதைக்கு நீங்கள் இல்லாத ஆள்." அந்த வசனத்தில் மூத்தப்பா என்ற ஒரு சொல் மட்டும் தமிழ். பாவம், தேற்றத்தான் சொன்னாள்.

ஷிபானா தன் கணக்கால் நுழைந்து ஒரு படிவத்தைத் தேடி எடுத்தாள். நிரப்ப ஒன்பது கட்டங்கள், எங்கள் பேச்சில் கூடுகள். ஆறாம் கூட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்: "நீங்கள் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்ட நபரின் பெயர், வீட்டு இலக்கம்."

"அந்த ஆள்ட பேர எழுதினா முடிஞ்சிது வாப்பா."

"எழுதினா அவன்ட கதை முடிஞ்சிது மகள். பத்திரத்தில பேரில்லாத ஆள். அடுத்த நாளே வெளியில போடுவாங்க. விசாரணைக்கு விலாசமில்லாமப் போவானா?"

"எங்கட குத்தகை டிசம்பரில புதுப்பிக்கோணும். அதயும் யோசிங்க. கண்டவங்களுக்கெல்லாம் குடுக்கச் சொல்லி ஆரு சொன்ன?"

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினேன். ஆறாம் கூட்டில் 'இல்லை' என்று எழுதிப் பார்த்தேன். ஏற்கவில்லை, வீட்டு இலக்கம் கேட்டது. ஒரு பொய் இலக்கம் எழுதலாம். ஆனால் இந்தக் கட்டடத்தில் எந்த இலக்கத்தை எழுதினாலும் அதற்குப் பின்னால் ஒரு மனிதன் சோறு தின்றுகொண்டிருக்கிறான். வெறுமையாக விட்டேன். படிவம் நகரவில்லை. நானும் நகரவில்லை.

5

வெளியே போக ஒருவரும் தடுக்கவில்லை. திரும்பி வருவதுதான் இல்லை. இப்படியான சிறையை யாரும் சிறை என்று பெயரிட மாட்டார்கள். காலை ஏழுக்கு மகள் போனால் மாலை ஆறுக்கு வருவாள். மருமகன் வேறு நகரத்தில், வார இறுதியில் மட்டும். அமானிக்கு விடுமுறை, பகல் முழுவதும் நண்பிகளிடம். பதினாறாம் மாடி யன்னலால் பஸ் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையாவது இலக்கப் பஸ் பிந்தி வருகிறது என்று எனக்கு மனப்பாடம்.

முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை தவறிய அன்று யோகராசா கதவைத் தட்டினார். விஷயம் தெரிந்திருந்தது.

"காக்கா, என்ட பேர எழுதுங்க. நான் எங்கயாவது பாத்துக்குவன்."

"அந்தக் கூடு சின்னது தம்பி. உன்ட பேர் கொள்ளாது."

"பகிடி விடாதீங்க. உங்கள அடைச்சி வெச்சிட்டு எனக்கு நித்திரை வருமா?"

"பகல் நித்திரைதானே. வந்தா வருது, வராட்டி விடு."

அவர் சட்டைப்பையிலிருந்து சாம்பல் நிறப் பிளாஸ்டிக் வில்லை ஒன்றை எடுத்துக் காட்டினார். பழைய குத்தகைக்காரர்களுக்குக் கொடுத்த கதவுத் திறப்பு. வீட்டுக்காரர் தன்னுடையதை அறையின் நால்வருக்கும் பொதுவாகக் கொடுத்திருந்தார். "வெள்ளிக்கிழமை ரெண்டரைக்குக் கீழ நிப்பன். மத்த நாளையில கோல் எடுங்க."

அன்றிலிருந்து நடைமுறை இப்படி: பத்திரத்தில் பெயருள்ள நான் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். பத்திரத்தில் பெயரில்லாத யோகராசா தூக்கக் கண்ணோடு, ஒரு செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, எனக்குக் கதவு திறப்பார். "வாங்க, மாப்பிள்ளை" என்பார். பெண்வீட்டு வாசலில் உடுப்புப் பெட்டியோடு நிற்கிற ஆளை எங்கள் பக்கத்துத் தமிழர்களும் கண்டிருக்கிறார்கள்.

6

விசாரணை செப்டெம்பர் இருபத்துநாலு, காலை. இருபத்துமூன்று பின்னேரம்தான் கேட்டேன், எங்கே இருந்து கதைக்கப் போகிறாய் என்று. வேலைத்தளக் களஞ்சியத்தில் கோதுமை மாச்சாக்குகளுக்கு நடுவில், கைப்பேசியை வைத்துக்கொண்டு என்றார். தரவுக்குப் பணம் போட்டிருக்கிறாராம். அறைக்காரர்கள் காலையில் தூங்க வேண்டும்.

கையேட்டை எடுத்துப் புரட்டினேன். பிரிவு ஒன்பது, உட்பிரிவு ஏழு: "குடியிருப்பாளரின் வீட்டினுள், அவர் முன்னிலையில், விருந்தினர் இணைய வசதியைப் பயன்படுத்தலாம்." அந்த வரியை அதற்கு முன்னும் படித்திருக்கிறேன். ஜூலையில் யோகராசா கேட்டபோதே அது அங்கே இருந்தது. மேலே வா, இந்தக் கதிரையில் இரு, கதைத்துவிட்டுப் போ என்று சொல்லியிருந்தால் விதியும் மீறப்படவில்லை, கணக்கும் பூட்டுப்படவில்லை. நான் சொல்லவில்லை. மகள் முகம் சுளிப்பாள், தேநீர் போட வேண்டும், ஒரு மணித்தியாலம் ஆளோடு இருக்க வேண்டும். கடவுச்சொல் அதைவிடச் சுலபம். வேலியடியில் நின்ற ஸுலைஹாவும் நானும் ஒரே பிழையைச் செய்தோம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் கடவுச்சொல்லைக் கொடுத்தாள், அந்தப் பிள்ளைகளைப் படியில் இருத்தித் தேநீரும் கொடுத்தாள். நான் கதிரைக்குப் பதிலாகக் கடவுச்சொல்லைக் கொடுத்தேன்.

ஸுலைஹாவை அழைத்தேன். அங்கே சுபஹ், விடியற்காலைத் தொழுகை நேரம். அதுவரை மறைத்துவைத்த எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் என்பது தொலைபேசியிலேயே தெரிந்தது.

"இஞ்சருங்க, இத்தன வருசமா எனக்கு ஏசினீங்களே!"

"சரி, சரி. இப்ப அவனக் கூப்பிடவா? ஷிபானாட ஊடு. அவள் வேணாம் என்பாள்."

"ஊடு அவள்டதான். அவளப் பெத்தது நான். கூப்பிடுங்க. வெறும் வயித்தோட இருத்திப் போடாதீங்க, அந்த மனிசன் விடியவிடிய வேல செஞ்சிட்டு வாறவன்."

காலையில் வந்தார். வெள்ளைச் சட்டை, காதோரம் கொஞ்சம் மா. வைஃபையை நம்பவில்லை நான். சுவர்ப் பொருத்தியிலிருந்து மடிக்கணினிக்குக் கம்பி இழுத்தேன். அது வீட்டுக்குரியது, என் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்காது. வழக்கு நாளில் கம்பிதான், இதையும் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டில் நுண்ணலை அடுப்பை மூட்டினாலும் கம்பி தடுமாறாது. நான் சமையலறையில் குழாயையும் திறக்காமல் இருந்தேன். மூன்று மணித்தியாலம். அவர் சொன்னவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை, அவை அவருடைய கோப்புக்கு உரியவை. நடுவில் ஒரு தடவை குரல் நின்றது. இணைப்புத்தான் அறுந்தது என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். இணைப்பு நன்றாக இருந்தது. அவர்தான் நின்றிருந்தார். ஒரு கோப்பைத் தண்ணீரைத் திரையில் படாமல் நீட்டினேன். குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

மாலையில் மகள் வந்து, இடம் மாறியிருந்த கதிரையைப் பார்த்தாள்.

"ஆர் வாப்பா வந்த?"

"யோகராசா. விசாரணை. உம்மாட்டக் கேட்டுத்தான்."

கதிரையைப் பழைய இடத்தில் இழுத்து வைத்தாள். பையைக் கழற்றி வைத்துவிட்டு, "சாப்பிட்டாரா?" என்றாள்.

7

அலுவலகத்தில் பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டல் அனுப்புவோம். மூன்றாம் நினைவூட்டலுக்குக் கட்டாயம் அசைவார்கள். இங்கேயும் தாளில், இலக்கமிட்ட பந்திகளில், பதிவுத் தபாலில் அனுப்பினேன். பொருள்: பிரிவு 9.4 பின்பற்றப்படாமை. மூன்றாம் நினைவூட்டலின் கடைசிப் பந்தியில், சலவை அறைச் சுவரில் உள்ள கதவுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில், பொருத்தியவர் ஒட்டிய துண்டு இன்னும் இருக்கிறது என்றும், அதில் நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கின்றன என்றும் தெரிவித்தேன். வாசிக்கத் தொழிலறிவு தேவையில்லை, கண்ணாடி போதும். அதைக் கொண்டு நான் பத்து நிமிடத்தில் எனக்கே கதவைத் திறந்துகொள்ளலாம். பெட்டியின் முன்னால் இரண்டு தடவை நின்றேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அடுத்தவன் பூட்டைத் திறக்கத் தெரிந்தவன் திறக்காமல் இருப்பதற்குத்தான் எனக்கு முப்பத்தொரு வருடம் சம்பளம் தந்தார்கள்.

மூன்றாம் நாளே அந்தத் துண்டு கிழிக்கப்பட்டிருந்தது. கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அதிலிருந்து அறிந்தேன். வேறு பதில் இல்லை. இதை எழுதும் இன்றுவரை இல்லை. ஷிபானாவின் கணக்குக்கு மட்டும் ஒரு வரி வந்தது: ஆறாம் கூடு நிரப்பப்படாததால் விண்ணப்பம் பூர்த்தியற்றதாகக் கருதப்படுகிறது. அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, நிரப்பச் சொல்லவில்லை. டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

போன கிழமை கதவு தட்டப்பட்டது. யோகராசா, கையில் மூடிய கடித உறை. வேலை முடிந்து உடுப்பும் மாற்றாமல் வந்திருந்தார். தரையெல்லாம் மா.

"நீங்க உடைங்க காக்கா. எனக்குக் கை ஏலா."

கதிரையைக் காட்டினேன். உட்கார்ந்தார். உறையைக் கத்தியால் நேராக வெட்டினேன். அலுவலகக் கடிதத்தில் முதல் பந்தியைத் தாண்டி இரண்டாவதைப் பார்க்க வேண்டும், விஷயம் அங்கேதான் இருக்கும். பார்த்தேன்.

"ஏத்துக்கிட்டாங்க, தம்பி."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடினார். எடுத்தபோது முகமும் வெள்ளையாக இருந்தது. பிறகு மனைவியை அழைத்து, "ஓம்" என்று மட்டும் சொன்னார். அங்கே கேட்ட அழுகுரலுக்கு இன்னொரு "ஓம்."

வேறு நகரத்தில் மச்சான் ஒருவர் பகல் வேலை பார்த்து வைத்திருக்கிறார். வீடு எடுத்து, பத்திரத்தில் பெயர் போட்டு, பிள்ளையையும் மனைவியையும் அழைக்க வேண்டும். மாத முடிவில் போகிறார். வில்லை வீட்டுக்காரருடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வீங்க காக்கா?"

"மாப்பிள்ளை வெளியிலதான் நிப்பார். நீ போ."

அவர் எழுந்தார். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கை நின்றது. பேனாவை எடுத்தேன். முப்பத்தொரு வருடம் என் மேசைக்கு வந்த எந்தக் கடிதமும் இது இல்லாமல் அடுத்த கைக்குப் போனதில்லை. வலது மேல் மூலையில், கோடு போட்டு, சுருக்கொப்பம் வைத்து எழுதினேன்:

கிடைத்தது, 19 நவம்பர்.